கலங்கரை விளக்கை அணைக்க ஒரு சதி: கற்பனை நகரத்தில் நம்பும்படியான சூழ்ச்சியைக் கட்டுவது எப்படி?

உப்பளத்தான் எழுதியது:

நண்பர்களுக்கு வணக்கம்.

மேஜையைச் சுற்றி உட்கார்ந்து பாத்திரமேற்று, பகடை உருட்டி ஆடும் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பில் புதிய தொடர் ஒன்றை அடுத்த மாதம் நடத்தத் தொடங்க இருக்கிறேன். ஆட்டக்காரர்கள் நால்வர், பாலடின் (உறுதிமொழி பூண்ட வீரர்), ரோக் (திருட்டுக்கலை தேர்ந்தவர்), விசார்ட் (மந்திரம் கற்றவர்), கிளெரிக் (தெய்வ அருளால் மந்திரம் போடும் பூசாரி) என்று ஆளுக்கொரு வகுப்பை எடுத்திருக்கிறார்கள். பாத்திரங்களின் ஆற்றலை மூன்றாம் நிலையில் தொடங்கி எட்டு அல்லது ஒன்பதாம் நிலைவரை கொண்டுபோக எண்ணம். நிலவறை, புதையல், அரக்கன் என்று நிறைய ஆடிவிட்டோம். இந்த முறை ஒரு நகரத்துக்குள்ளேயே நடக்கிற சதிக்கதை வேண்டும் என்று அவர்களே கேட்டார்கள்.

நகரத்தின் பெயர் ஏழ்வாயில். பாறைகள் நிறைந்த கரையில் இருக்கும் துறைமுகம். அதன் கலங்கரை விளக்கில் எண்ணெயும் இல்லை, விறகும் இல்லை. உச்சியில் ஒரு நெருப்பாவி கட்டுண்டு கிடக்கிறது. முன்னோர்கள் அதனோடு செய்துகொண்ட உடன்படிக்கையை ஆண்டுதோறும் நீராட்டு விழா இரவில் ஆட்சிமன்றத் தலைவர் உரக்க வாசித்துப் புதுப்பிக்க வேண்டும். தவறினால் ஆவி விடுபடும், விளக்கு அணையும், கப்பல்கள் பாறையில் மோதும்.

சதிகாரர்கள் நால்வர்: துறைமுக அதிகாரி, கடலன்னை கோயிலின் தலைமைப் பூசாரி, உப்பு வணிகர் சங்கத் தலைவி, நாடு கடத்தப்பட்ட இளவரசன். விழா இரவில் உடன்படிக்கையைக் கெடுத்து, பழியை ஆட்சிமன்றத்தின் மேல் போட்டு, அந்தக் குழப்பத்தில் நகரத்தைக் கைப்பற்றுவது திட்டம். நால்வரும் ஆட்சியைப் பிடிக்க விரும்புகிறார்கள். தலைவன் இளவரசன்.

இந்த ரகசியத்தை எவ்வளவு காலம் மறைத்து வைக்கலாம்? கிளெரிக், பொய் சொல்ல விடாத ‘ஸோன் ஆஃப் ட்ரூத்’ மந்திரத்தைப் போட்டு நேராகக் கேள்வி கேட்டால் கதை அன்றே முடிந்துவிடாதா? எங்கள் பாலடின் முன்கோபி. சதிகாரர் ஒருவரை நடுவழியிலேயே வெட்டிவிட்டால் நூல் அறுந்துவிடுமே, அப்போது என்ன செய்வது? இப்படிப்பட்ட தொடர்களை நடத்தியவர்கள் சொல்ல வேண்டும்.

பேரேடு எழுதியது:

விளக்கில் கட்டுண்ட ஆவி, ஆண்டுக்கொரு முறை வாசிக்க வேண்டிய உடன்படிக்கை, இரண்டுமே அருமை. சதிக்கு ஒரு கெடு வேண்டும். ஊரே கூடும் விழா இரவைவிட நல்ல கெடு கிடையாது. ஆனால் ‘நால்வரும் ஆட்சியைப் பிடிக்க விரும்புகிறார்கள்’ என்ற வரியில் நின்றுவிட்டேன். நால்வருக்கும் ஒரே ஆசை என்றால் அங்கே இருப்பவர் ஒருவர்தான். முகமூடிகள் மட்டும் நான்கு. ஒருவரைப் பிடித்தால் நால்வரையும் பிடித்ததாகிவிடும். உங்கள் மூன்று கவலைகளும் அந்த ஒரு வரியிலிருந்து பிறப்பவை என்றே எனக்குத் தோன்றுகிறது.

நான் சதிக்கதை கட்ட உட்காரும்போதெல்லாம் 1478 ஏப்ரல் 26 ஞாயிற்றுக்கிழமை இத்தாலியின் ஃபிளாரன்ஸ் நகரப் பேராலயத்தில் நடந்ததைத்தான் மறுபடி எடுத்துப் படிக்கிறேன். பாட்ஸி சதி என்பது வரலாற்றில் அதன் பெயர். நகரத்தைத் தம் பிடியில் வைத்திருந்த மெடிச்சி குடும்பத்து அண்ணன் தம்பிகளான லொரென்சோவையும் ஜூலியானோவையும் ஒரே நேரத்தில் கொன்று நகரத்தைப் பிடிக்க வேண்டும். வெளியிலிருந்து பார்த்தால் உங்கள் கதை மாதிரியே இருக்கிறது. உள்ளே போய்ப் பாருங்கள், ஒவ்வொருவரும் வெவ்வேறு வாசல் வழியாக வந்திருக்கிறார்கள்.

போப் நான்காம் சிக்ஸ்டஸ் தம் உறவினன் ஜிரோலமோ ரியாரியோவுக்காக இமோலா என்ற ஊரை வாங்க விரும்பினார். போப்பின் வங்கியாளரான லொரென்சோ அதற்குக் கடன் தரத் தயங்கினார்; அந்த ஊரின் மேல் ஃபிளாரன்ஸுக்கும் கண் இருந்தது. போட்டி வங்கிக் குடும்பமான பாட்ஸிகள் பணத்தைக் கொடுத்தார்கள். போப்பின் கணக்கும் அவர்களிடம் போய்ச் சேர்ந்தது. ஆக, பாட்ஸிகளுக்கு இது தொழில் போட்டி. சால்வியாட்டி என்பவர் பீசா நகரத்துப் பேராயராக நியமிக்கப்பட்டார். ஃபிளாரன்ஸ் அவரை வெகுகாலம் அந்த ஊருக்குள் பதவியேற்க விடவில்லை. அவருக்கு இது மானப் பிரச்சினை. போப் கண்ணை மூடிய பிறகு லொரென்சோ தன்னை விட்டுவைக்க மாட்டார் என்பது ரியாரியோவின் அச்சம். குடும்பத்து மூத்தவரான யாக்கோப்போ பாட்ஸி முதலில் தயங்கி, போப்பின் ஆதரவு உண்டு என்று கேட்ட பிறகே இறங்கி வந்தார். மொன்டெசெக்கோ என்ற படைத்தலைவன் ரியாரியோவின் ஊழியத்தில் இருந்தவன், உத்தரவுக்காக வந்தவன். போப்போ, ஆட்சி மாறட்டும், ஆனால் உயிர் எதுவும் போகக்கூடாது என்று சொன்னதாக மொன்டெசெக்கோவின் வாக்குமூலத்தில் இருக்கிறது.

திட்டம் உடைந்த விதத்தைப் பாருங்கள். முதலில் விருந்தில் வைத்துக் கொல்வதாக இருந்தார்கள். ஜூலியானோ விருந்துக்கு வரவில்லை. உடனே இடத்தைப் பேராலயத்துக்கு மாற்றினார்கள். கோயிலுக்குள் கொலை செய்ய மாட்டேன் என்று மொன்டெசெக்கோ மறுத்துவிட்டான். லொரென்சோவைக் கொல்லும் பொறுப்பு, ஆயுதம் பழகிய அவனிடமிருந்து இரண்டு பாதிரியார்களின் கைக்குப் போனது. அவர்களில் மஃபெய் என்பவர் வோல்டெர்ராக்காரர். அந்த ஊர் 1472-இல் ஃபிளாரன்ஸின் படையால் சூறையாடப்பட்டது, அதற்குப் பொறுப்பு லொரென்சோ என்பது அவர் மனக்குறை. காரணம் வலுவானது, கை தேர்ந்ததல்ல. ஜூலியானோ அங்கேயே குத்துப்பட்டு இறந்தார். லொரென்சோ கழுத்தில் காயத்தோடு பக்கத்து அறைக்குள் ஓடித் தப்பினார். அதே வேளையில் அரசு மாளிகையைப் பிடிக்கப் போன சால்வியாட்டியின் ஆட்கள், உள்ளே போனால் சாவியின்றித் திறக்க முடியாத கதவுக்குப் பின்னால் சிக்கிக்கொண்டார்கள். யாக்கோப்போ ‘சுதந்திரம்!’ என்று கூவியபடி குதிரையில் தெருவில் வந்தார். மக்கள் மெடிச்சிகளின் பக்கம் நின்றார்கள்.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்ட பழக்கம் ஒன்றுதான். ஒவ்வொரு சதிகாரருக்கும் மூன்று வரி எழுதுகிறேன்: அவருக்கு என்ன வேண்டும், எதைச் செய்ய மாட்டார், அவர் கையில் இருக்கும் வேலை என்ன. நடுவில் இருக்கும் வரிதான் கதையின் உயிர். மொன்டெசெக்கோவின் மறுப்பு மாதிரி ஒரு விரிசல் ஒவ்வொருவரிடமும் இருந்தால், உங்கள் ஆட்டக்காரர்களுக்குக் கை நுழைக்க இடம் கிடைக்கும். மிரட்டலாம், மனத்தை மாற்றலாம், ஒருவரை இன்னொருவருக்கு எதிராகத் திருப்பலாம். வாளை உருவுவது பல வழிகளில் ஒன்றாகிவிடும்.

அடுத்தது வேலை. நான் கணக்குத் தணிக்கைத் தொழிலில் இருப்பவன். ஒருவர் என்ன நினைக்கிறார் என்பது எந்தப் புத்தகத்திலும் பதிவாகாது. என்ன வாங்கினார், எதை எங்கே அனுப்பினார் என்பது எங்காவது பதிவாகியே தீரும். ஃபிளாரன்ஸ் சதியில் உர்பினோவின் பிரபு மொன்டெஃபெல்ட்ரோ 600 வீரர்களை நகருக்கு அருகில் தயாராக வைத்திருந்தார். அது குறித்த சங்கேதக் கடிதம் ஐந்து நூற்றாண்டுகள் கழித்துத்தான் வாசிக்கப்பட்டது. கடிதத்தை மறைக்கலாம். ஆனால் 600 பேர் தின்ன ரொட்டி வேண்டும், குதிரைகளுக்குத் தீவனம் வேண்டும், காலணிக்கு ஆணி வேண்டும். உங்கள் இளவரசனின் படையும் எங்கோ ஒரு பண்ணையில் சாப்பிட்டுக்கொண்டிருக்கிறது. ஏழ்வாயிலின் ரொட்டிக்கடைக்காரர் இந்த மாதம் மாவு கிடைக்கவில்லை என்று புலம்பட்டும். அதுவே முதல் தடயம்.

இதே வழியில் உங்கள் திட்டத்தை வேலைகளாகப் பிரித்துப் பாருங்கள். உடன்படிக்கையைக் கெடுப்பது என்றால் எப்படி? மூலச் சுவடியை எடுத்துவிட்டு இரண்டு வரி மாற்றிய போலியை வைப்பது என்று வைத்துக்கொள்வோம். பழைய தோல்சுவடி வேண்டும், பழைய எழுத்துமுறை தெரிந்த எழுத்தர் வேண்டும், காப்பறைச் சாவி வேண்டும். விளக்கு அணையப்போகிறது என்று உப்புச் சங்கத் தலைவிக்குத் தெரியுமானால், அந்த இரவில் தம் கப்பல்கள் எதுவும் கரைக்கு அருகில் இருக்க விடமாட்டார். விழாவுக்கு முந்தைய வாரத்தில் உப்புக் கப்பல்கள் மட்டும் அரைச் சுமையோடு அவசரமாகக் கிளம்பினால் சுமைதூக்கிகள் பேசுவார்கள். துறைமுக அதிகாரி அந்தக் கப்பல்களுக்குக் கட்டணம் வாங்காமல் அனுமதிச் சீட்டு கொடுத்திருப்பார். சீட்டுப் புத்தகம் அலுவலகத்திலேயே இருக்கும். ரோக் ஒருவர் கையில் இருக்கும்போது அது வெகுநாள் அங்கே இருக்காது.

ஆட்டக்காரர்கள் எட்ட வேண்டிய ஒவ்வொரு முடிவுக்கும் குறைந்தது மூன்று தடயம் என்பது இந்த ஆட்டத்தில் பலர் பின்பற்றும் வழக்கம். நானும் அதை விடுவதில்லை. அந்த மூன்றும் மூன்று வகையாக இருக்கட்டும்: ஒரு காகிதம், ஓர் ஆள், ஓர் இடம். தேடினால் கிடைக்கட்டும், அதற்குப் பகடை உருட்டச் சொல்லாதீர்கள். எவ்வளவு சத்தமில்லாமல் எடுத்தார்கள், எடுத்ததை யாராவது பார்த்தார்களா என்பதற்கு உருட்டச் சொல்லுங்கள்.

மறைத்து வைக்கும் காலம் பற்றிக் கேட்டீர்கள். சதி ஒன்று இருக்கிறது என்பது முதல் சில அமர்வுகளுக்குள்ளேயே தெரிந்துவிட வேண்டும். தெரியாத ஒன்றைப் பற்றி ஆட்டக்காரர்களுக்குப் பதற்றம் வராது. யார், ஏன், எந்த இரவு, தடுத்தால் யாருக்கு நட்டம் என்று ஒவ்வொன்றாகத் திறக்க உங்களிடம் நிறையவே இருக்கிறது.

பாலடின் ஒருவரை வெட்டிவிட்டால்? வெட்டட்டும். ஃபிளாரன்ஸில் சால்வியாட்டியையும் ஃபிரான்செஸ்கோ பாட்ஸியையும் அன்றே மாளிகைச் சன்னலிலிருந்து தூக்கில் தொங்கவிட்டார்கள். சதி முடிந்துவிட்டதா? போப் லொரென்சோவைத் திருச்சபையிலிருந்து விலக்கினார், நேப்பிள்ஸ் அரசரோடு சேர்ந்து போர் தொடுத்தார், 1480 வரை சமாதானம் வரவில்லை. அதற்கும் லொரென்சோ தாமே நேப்பிள்ஸுக்குப் போய்ப் பேச வேண்டியிருந்தது. உங்கள் தலைமைப் பூசாரி வெட்டுப்பட்டால் அவருடைய கோயில் என்ன செய்யும், அவர் கையில் இருந்த வேலையை யார் எடுத்துக்கொள்வார், அந்த ஆள் எவ்வளவு தகுதி குறைந்தவர்? இந்த மூன்றுக்கும் பதில் இருந்தால் நூல் அறுவதே இல்லை.

வெண்கலமணி எழுதியது:

பேரேடு எழுதியதோடு முழுக்க உடன்படுகிறேன். மந்திரங்களைப் பற்றி மட்டும் சொல்கிறேன். கிளெரிக் ஆடுவதுதான் எனக்கு எப்போதும் பிடித்தது. ஆட்டத்தை நடத்தும் கேம் மாஸ்டர் அந்த மந்திரங்களைத் தடைசெய்துவிட்டால் மனம் சோர்ந்துவிடும். தயவுசெய்து தடைசெய்யாதீர்கள்.

‘ஸோன் ஆஃப் ட்ரூத்’ விதியை ஒருமுறை நிதானமாகப் படியுங்கள். பதினைந்து அடி ஆரமுள்ள இடம், பத்து நிமிடம். உள்ளே இருப்பவர் தம் கரிஸ்மாவை, அதாவது ஆளுமைத் திறனைக் கொண்டு தடுத்துப் பார்க்கலாம். தடுக்க முடியாதவர் தெரிந்தே பொய் சொல்ல முடியாது. ஆனால் மந்திரம் தன்மேல் இருப்பது அவருக்குத் தெரியும். பதில் சொல்லாமல் இருக்கலாம், உண்மைக்குள்ளேயே நின்று நழுவலாம். அவர் அறிந்ததற்கு மேல் எதுவும் வராது என்பதை மறக்காதீர்கள். ஃபிளாரன்ஸ் கதையில் பேரேடு விட்டுவிட்ட ஒருவர் இருக்கிறார்: பதினேழு வயதையொட்டிய கார்டினல் ரஃபாயேல் ரியாரியோ. அவர் ஊருக்கு வந்ததை ஒட்டித்தான் விருந்தும் பேராலய வழிபாடும் ஏற்பாடாயின. கொலைத் திட்டம் அவருக்குத் தெரிந்திருக்கவில்லை என்றே பெரும்பாலோர் கருதுகிறார்கள். அவரை அந்த மந்திர வட்டத்துக்குள் நிறுத்தினால் ‘வழிபாட்டுக்கு வந்தேன்’ என்பார், அது முழு உண்மை. உங்கள் கதையிலும் தெரியாமலே சதிக்கு உதவும் இரண்டு நல்ல மனிதர்களை வையுங்கள். சுவடி எழுதித் தந்த எழுத்தர், அருங்காட்சியகத்துக்கு ஒரு நகல் எழுதிக் கொடுத்ததாக மனதார நம்பட்டும்.

இன்னொன்று எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. இந்த மந்திரத்தைப் போட்டவருக்கு மட்டும்தான் யார் தடுத்தார், யார் தடுக்கவில்லை என்பது தெரியும். இப்படி ஒரு மந்திரம் இருக்கிற உலகத்தில் எந்த நகரமும் அதைச் சட்டமாக்காமல் விட்டிருக்காது. ஏழ்வாயிலில் ஆட்சிமன்ற உறுப்பினர்கள் ஆண்டுதோறும் கடலன்னை கோயிலில், தலைமைப் பூசாரி போடும் வட்டத்துக்குள் நின்று உறுதிமொழி எடுக்கிறார்கள் என்று வையுங்கள். ‘இவர் வாய்மையாளர்’ என்று சான்று தருபவரே சதிகாரர். அவர் சொல்லை மறுத்துப் பேச ஊரில் வேறு யாரிடமும் வழி இல்லை, உங்கள் கிளெரிக்கைத் தவிர. வெளியூரிலிருந்து வந்த மூன்றாம் நிலைக் கிளெரிக் ஒருவர், தலைமைப் பூசாரி தந்த சான்று பொய் என்று எழுந்து நின்று சொல்ல வேண்டிய கட்டம் வரும். அந்தக் கட்டத்தில் நான் இருக்கக் கொடுத்துவைக்க வேண்டும்.

ஐந்தாம் நிலைக்குப் போனதும் இறந்தவரிடம் கேள்வி கேட்கும் ‘ஸ்பீக் வித் டெட்’ வரும். பிணத்துக்கு வாய் இருக்க வேண்டும், ஐந்து கேள்விதான், உயிரோடு இருந்தபோது தெரிந்தது மட்டும்தான், ஒரே பிணத்திடம் பத்து நாளுக்குள் மறுபடி கேட்க முடியாது. பேரேடு சொன்னபடி ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை மட்டும் தெரியும் என்றால் ஐந்து கேள்விக்கும் தாராளமாகப் பதில் கொடுக்கலாம். மனத்தில் ஓடுவதைப் படிக்கும் ‘டிடெக்ட் தாட்ஸ்’ மந்திரம், நடுவில் ஈயத் தகடு இருந்தால் ஊடுருவாது. துறைமுக அதிகாரி தம் அறைச் சுவர்களுக்கு ஈயம் பூசியிருக்கிறார் என்பதே பெரிய தடயம். உப்புக்காற்றிலிருந்து ஏடுகளைக் காக்க என்று அவர் சொல்வார்.

கரித்துண்டு எழுதியது:

மேலே இருவரும் சொன்னதில் காலத்தின் பங்கு குறைவாக வந்திருக்கிறது. விழா இரவு நிலையான கெடு என்று எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்தக் கெடுவை ஆட்டக்காரர்களால் தள்ளிப்போட முடிய வேண்டும், அப்படித் தள்ளிப்போனால் சதி பலவீனமாக வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

லண்டனில் 1605-இல் நடந்த வெடிமருந்துச் சதியை எடுத்துக்கொள்ளுங்கள். தொடக்கத்தில் சதியின் தலைவர் கேட்ஸ்பியோடு சேர்த்து ஐந்து பேர். நாடாளுமன்றம் கூடும் நாளில் பிரபுக்கள் அவையை வெடிவைத்துத் தகர்ப்பது திட்டம். கொள்ளைநோய் அச்சத்தால் நாடாளுமன்றம் கூடுவது தள்ளிப்போய்க்கொண்டே இருந்து, கடைசியில் நவம்பர் 5 என்று ஆனது. காத்திருக்கும் காலமெல்லாம் வாடகை கட்ட வேண்டும், குதிரைகளையும் ஆயுதங்களையும் சேர்த்து வைக்க வேண்டும். பணம் போதவில்லை, வசதியுள்ளவர்களைச் சேர்த்தார்கள். ஐந்து பேர் பதின்மூன்று பேர் ஆனார்கள். கடைசியாகச் சேர்ந்த டிரெஷாமின் தங்கை கணவர் மான்டீகிள் பிரபு. அவரும் அவையில் உட்காரப்போகிறவர். அக்டோபர் 26 அன்று அந்த மான்டீகிளுக்குக் கையெழுத்தில்லாத ஒரு கடிதம் வந்தது: இந்த நாடாளுமன்றத்துக்கு வராதீர்கள் என்று. யார் எழுதியது என்பது இன்றுவரை உறுதியாகவில்லை. அவர் கடிதத்தை அரசிடம் கொண்டுபோய்க் கொடுத்தார். நவம்பர் 4 இரவு, அவைக்குக் கீழே இருந்த அறையில் 36 பீப்பாய் வெடிமருந்தோடு சதிகாரர்களில் ஒருவரான கை ஃபாக்ஸ் பிடிபட்டார்.

ஏழ்வாயிலில் விழா தள்ளிப்போனால் என்ன ஆகும் என்று எழுதிவையுங்கள். இளவரசனின் படைக்கு இன்னும் ஒரு மாதம் சோறு போட வேண்டும். உப்புச் சங்கத் தலைவியின் பணம் கரையும். ஐந்தாவதாக ஒருவரைச் சேர்ப்பார்கள். அந்த ஐந்தாமவருக்கு ஒரு தங்கை கணவர் இருப்பார். ஆட்டக்காரர்கள் ஆட்சிமன்றத்தை வற்புறுத்தி விழாவைத் தள்ளிவைப்பதே ஒரு முழு அமர்வுக்கான கதை.

இன்னும் ஒன்று. அந்தக் கடிதம் வந்த செய்தி சதிகாரர்களுக்கும் எட்டிவிட்டது. கேட்ஸ்பி டிரெஷாமைச் சந்தேகித்து நேரில் விசாரித்தார். ஃபாக்ஸ் அக்டோபர் 30 அன்று கீழறைக்குப் போய்ப் பார்த்தார், எதுவும் கலைந்திருக்கவில்லை. அதனால் தொடர்ந்தார்கள். உங்கள் ஆட்டக்காரர்கள் எதையாவது கிளறியதும் சதிகாரர்கள் உடனே எல்லாவற்றையும் எரித்துவிட்டு ஓட வேண்டியதில்லை. முதலில் தங்களுக்குள் யார் என்று பார்ப்பார்கள். பிறகு ஒருவர் வந்து சோதிப்பார். சீட்டுப் புத்தகம் காணாமல் போன மறுநாள் துறைமுக அதிகாரி எங்கே ஓடுகிறார் என்று ரோக் பின்தொடர்ந்து போனால் அடுத்த ஆளின் வீட்டு வாசல் தெரிந்துவிடும். அதனால் ஒவ்வொரு அமர்வு முடிந்ததும் பத்து நிமிடம் உட்கார்ந்து, இன்று நடந்ததில் சதிகாரர்களுக்கு எது தெரிந்தது, எது தெரியவில்லை என்று எழுதுங்கள். தெரியாததற்கு அவர்கள் எதிர்வினை காட்டக்கூடாது. இதில் கேம் மாஸ்டர் நேர்மையாக இருந்தால்தான் ஆட்டக்காரர்கள் எடுக்கும் எச்சரிக்கைக்கு மதிப்பு இருக்கும்.

உப்பளத்தான் எழுதியது:

மூவருக்கும் நன்றி. இரவு உட்கார்ந்து பேரேடு சொன்ன மூன்று வரிகளை நால்வருக்கும் எழுதினேன். துறைமுக அதிகாரிக்குக் கடன். உயிர்ப்பலி இருக்கும் என்று அவருக்குச் சொல்லப்படவில்லை, தெரிந்தால் விலகிவிடுவார். உப்புச் சங்கத் தலைவிக்கு வரிவிதிப்பை ஒழிக்க வேண்டும்; இளவரசன் அரியணையில் உட்காருவதை அவர் விரும்பவில்லை, குழப்பம் மட்டும் போதும். இளவரசனுக்குத் தந்தையின் நகரம் வேண்டும். அது எரிந்த நகரமாக இருக்கக்கூடாது.

பூசாரியை எழுதும்போதுதான் தடுமாறினேன். அந்த ஆவி நூற்றாண்டுகளாக அடிமையாகக் கிடக்கிறது, அதை விடுவிப்பது கடமை என்று அவர் நம்புகிறார் என்று எழுதிவிட்டேன். எழுதிய பிறகு பார்த்தால் அவர் சொல்வது சரி. எங்கள் பாலடினின் உறுதிமொழியே அடிமைத்தளையை உடைப்பதுதான். அவர் பூசாரியோடு சேர்ந்துவிட்டால்? அணியே இரண்டாகிவிடுமே. பூசாரியின் காரணத்தை மாற்றிவிடலாமா?

பேரேடு எழுதியது:

மாற்ற வேண்டாம். உங்கள் தொடரின் மிகச் சிறந்த பகுதி இதுதான், தானாகவே வந்திருக்கிறது.

அணி உடையும் என்ற கவலைக்கு மட்டும் முன்னேற்பாடு செய்துகொள்ளுங்கள். தொடங்குவதற்கு முன் நால்வரையும் உட்காரவைத்து, இந்தத் தொடரில் யார் பக்கம் நிற்பது என்பதில் உங்களுக்குள் கருத்து வேறுபாடு வரலாம், ஒருவர் பாத்திரம் இன்னொருவர் பாத்திரத்தைத் தாக்குவது கிடையாது, சம்மதமா என்று கேளுங்கள். கதையைச் சொல்லிவிட வேண்டியதில்லை. அந்த ஒப்புதல் இருந்தால் பாலடினும் கிளெரிக்கும் மேஜையில் மணிக்கணக்கில் வாதாடலாம். வாதத்துக்குப் பிறகும் ஒன்றாகவே நடப்பார்கள்.

பூசாரி சொல்வது சரி என்பதால் அவர் செய்வது சரியாகிவிடாது என்பதை உலகத்தில் காட்டுங்கள். விளக்கு அணையும் இரவில் கடலில் இருப்பவர்கள் மீனவர்கள். பூசாரிக்கு அது தெரியும். விழா இரவில் யாரும் கடலுக்குப் போக மாட்டார்கள் என்று தம்மையே ஏமாற்றிக்கொண்டிருக்கிறார். எதைச் செய்ய மாட்டார் என்ற வரியை அவருக்கு இன்னும் எழுதவில்லை என்று நினைக்கிறேன். அதை இப்படி எழுதுங்கள்: கடலில் ஒரு படகு இருப்பதைக் கண்ணால் கண்டால் அவரால் தொடர முடியாது. மொன்டெசெக்கோ நின்ற இடம் அது.

மூன்றாவது வழி ஒன்று இருக்க இடம் விடுங்கள். ஆவியோடு பேச முடியுமா? உடன்படிக்கையைத் திருத்தி எழுதச் சம்மதிக்குமா? கூலி கேட்குமா, விடுமுறை கேட்குமா, ஒரு பெயர் கேட்குமா? போலிச் சுவடியில் இரண்டு வரி மாற்றத் தெரிந்த எழுத்தர் ஊரிலேயே இருக்கிறார். விசார்டுக்குப் பழைய எழுத்துமுறை படிக்கத் தெரியும். உங்கள் ஆட்டக்காரர்கள் சதிகாரர்களின் கருவியையே எடுத்து நல்ல காரியத்துக்குப் பயன்படுத்த வழி இருக்கிறது. அதை நீங்கள் சொல்லிக்கொடுக்காதீர்கள். எழுத்தரையும் சுவடியையும் அவர்கள் கண்ணில் படும் இடத்தில் வைத்துவிட்டால் போதும்.

முதல் அமர்வுக்கு: கடிதம் வேண்டாம், கொலை வேண்டாம். விளக்கு ஒரு நொடி மங்கி, ஒரு சிறு படகு பாறையில் உரசிய இரவுக்கு மறுநாள் காலையில் தொடங்குங்கள். பூசாரி சோதனைக்காகச் செய்த வேலை அது. படகுக்காரர் உயிரோடு இருக்கிறார், இழப்பீடு கேட்டுத் துறைமுக அலுவலகத்தில் நிற்கிறார், விளக்கு மங்கவே இல்லை என்று அதிகாரி பதிவேட்டில் எழுதிவிட்டார். பாலடினை அந்த வரிசையில் படகுக்காரருக்குப் பின்னால் நிறுத்துங்கள். ரொட்டிக்கடை எதிரிலேயே இருக்கட்டும்.